இடைக்கச்சையில் இரண்டாவது ஆயுதம்

வில்லோ வேலோ துப்பாக்கியோ ஏந்தி வேட்டைக்குப் புறப்படுகிறவன், அது போதாதென்று இடைக்கச்சையிலும் ஒரு சிறிய ஆயுதத்தைச் செருகிக்கொண்டு போவது பல தேசங்களிலும் பல காலங்களிலும் இருந்துவந்த வழக்கம். கையில் உள்ள முதல் ஆயுதம் மனிதன் மிருகத்தைத் தேடிச் செல்வதற்கு உரியது. இடையில் உள்ள இரண்டாவது ஆயுதமோ, அம்பு தவறி, மருந்து தீர்ந்து, காயம்பட்ட மிருகம் மனிதனைத் தேடி வந்துவிட்ட சமயத்துக்கு உரியது. ஆகையால் ஒரு காலத்து வேட்டைக்காரர் இடையில் எதைச் செருகிக்கொண்டார் என்று பார்த்தால், அவர் எதற்கு அஞ்சினார், எவ்வளவு தூரத்தில் அஞ்சினார், தம் முதல் ஆயுதத்தை எந்த மட்டுக்கு நம்பினார் என்பவையெல்லாம் விளங்கிவிடும்.

சங்கரன்கோவிலின் கரிசல் வெளியில் நின்று மேற்கே நோக்குகிறவர்களுக்கு இது வெறும் சரித்திர விசாரணை அன்று. நீலக்கோடாகத் தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று வரிசையாக அமைந்துள்ள ஊர்களில், கரும்பும் நெல்லும் வாழையும் பயிரிட்ட விவசாயிகள் காட்டுப் பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி இரவெல்லாம் பரண்மேல் காவலிருக்கிறார்கள். பன்றியோ மலையடிவாரத்தோடு நில்லாமல், ஓடைப் புதர்களையும் கருவேலங் காடுகளையும் பற்றிக்கொண்டு கரிசல் காட்டு மக்காச்சோளம் வரைக்கும் வந்துவிடுகிறது. அவ்வாறு காவலிருக்கும் ஒருவர், இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தால் தைரியமாக இருக்குமே என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தை அலட்சியமாகத் தள்ளிவிடாமல், அனுபவத்தைக் கொண்டும் சட்டத்தைக் கொண்டும் பொறுமையாகப் பரிசீலிப்பது நல்லது.

தமிழர் நன்கறிந்த ஒரு வேட்டைக் காட்சியிலேயே இரண்டாவது ஆயுதம் இடம்பெற்றிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில், பின்னாளில் கண்ணப்பர் என்று பெயர் பெறப்போகும் திண்ணனார் தம் கன்னி வேட்டைக்குச் செல்கிறார். வலையறுத்து ஓடிய ஒரு பன்றியை நாணன், காடன் என்னும் இருவர் மட்டுமே உடன்வர வெகுதூரம் துரத்திச் சென்று, அது களைத்து மலைச்சாரலில் ஒரு மரச்சூழலை அடைந்து நின்றபோது, வில்லை வளைக்காமல் அருகே நெருங்கிச் சுரிகையை உருவி அதைக் கொல்கிறார். வில் தூரத்துக்கு உரியது. மரங்கள் நெருங்கிய இடத்தில், சில முழ தூரத்தில், திரும்பி நிற்கும் பன்றிக்கு முன்னால் நாணேற்றிக் குறிபார்க்க அவகாசமில்லை. வேட்டைத் தொழிலின் இந்த நுட்பத்தைச் சோழர் காலத்துக் கவி எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

அந்தக் கணம் எத்தகையது என்று தெரிந்துகொண்டாலொழிய அதற்கு ஏற்ற ஆயுதம் எது என்று சொல்ல இயலாது. வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவுக்கு மேலும் எடை வைக்கக்கூடியது. அதன் தோள்களின்மேல் தோல் தடித்து, இனச்சேர்க்கைக் காலச் சண்டைகளில் எதிரியின் கோரைப்பல்லைத் தாங்கும்படியான ஒரு கவசமாகவே அமைந்திருக்கிறது. கீழ்த்தாடைக் கோரைப்பல் மேல்தாடைப் பல்லோடு ஓயாமல் உரசிக் கூர்மை பெறுகிறது. பன்றி தலையைத் தாழ்த்தி ஓடிவந்து, மனிதனின் தொடைக்கு நேராக வந்ததும் முகத்தை மேல்நோக்கி வீசுகிறது. தொடையின் உட்புறத்துப் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் மனிதன் சில நிமிஷங்களில் உயிரிழக்க நேரும். கரடியின் சுபாவம் வேறு. பார்வையும் செவியும் அவ்வளவு கூர்மையில்லாத அந்தப் பிராணி, புற்றைத் தோண்டுவதிலேயே கவனமாயிருந்து, மனிதன் மிக அருகில் வந்துவிட்ட பிறகு திடுக்கிட்டுப் பாய்ந்து முகத்தைத் தாக்குகிறது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் தூரம் குறைவு, காலம் அதைவிடக் குறைவு, ஒரு கை பெரும்பாலும் வேறெதையாவது பற்றிக்கொண்டோ தடுத்துக்கொண்டோ இருக்கும். இரண்டாவது ஆயுதத்தின் இலக்கணம் முழுவதும் இந்த மூன்று நிபந்தனைகளிலிருந்தே பிறக்கிறது.

நம் முன்னோர் கல்லிலும் இதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிடைத்துள்ள நடுகற்களில் புலிக்குத்திக் கல், பன்றிக்குத்திக் கல் என்று வழங்குபவை, மிருகம் மேலே பாய்ந்துவிட்ட நிலையில் வீரன் வேலாலோ குறுவாளாலோ அதைக் குத்தும் காட்சியைக் காட்டுகின்றன. கன்னட நாட்டில் மண்டியாவுக்கு அருகில் கிடைத்த ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் விசேஷமானது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியைச் சொல்லும் அந்தப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டே, காளி என்னும் வேட்டை நாய் ஒரு பெரிய பன்றியோடு பொருது, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்த செய்தியையும் பதிந்து வைத்திருக்கிறது. வேட்டைக்காரனுக்கும் மிருகத்துக்கும் இடையில் புகுந்து அந்தச் சில விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுத்த துணை, பல சமயங்களில் இரும்பாக இராமல் உயிருள்ள நாயாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. சங்கரன்கோவிலுக்கு வடக்கே இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தத்தம் பெயரிலேயே நாய் இனங்களை உலகுக்கு அளித்த ஊர்கள். இராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலையே வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

இரும்பில் செய்த துணைக்கருவிகளுள் தென்னாட்டின் தனிச்சிறப்பு கட்டாரி. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கட்டாரிகளை உற்றுப் பார்த்தால் அதன் யுக்தி புலப்படும். சாதாரணக் கத்தியின் பிடி அலகோடு ஒரே நேர்கோட்டில் நீண்டிருக்கும். கட்டாரியிலோ இரண்டு பக்கக் கம்பிகளுக்கு இடையே பிடி குறுக்காக அமைந்து, அதைப் பற்றிய முஷ்டி எந்தத் திசையில் நீளுகிறதோ அந்தத் திசையிலேயே அலகும் நீளுகிறது. ஆகவே குத்துகிறவனின் தோள்வலியும் உடற்பாரமும் வழியில் சிதறாமல் முனைக்குப் போய்ச் சேர்கின்றன; மிருகம் மோதும் அதிர்ச்சியில் மணிக்கட்டு மடங்குவதும் அரிது. பக்கக் கம்பிகள் முன்கையையும் ஓரளவு காக்கின்றன. ஐரோப்பாவில் பன்றி வேட்டைக்காரர் இதே தேவையை வேறு விதமாக நிறைவேற்றிக்கொண்டார்கள். குத்துப்பட்ட பன்றி பின்வாங்காமல் ஈட்டித் தண்டின் வழியாகவே முன்னேறி வந்து மனிதனைத் தாக்கிவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்து, ஈட்டி முனைக்குச் சற்றுக் கீழே ஒரு குறுக்குக் கம்பியைப் பொருத்தினார்கள். மிருகத்தைக் கொல்வதைக் காட்டிலும் அதைத் தள்ளி நிறுத்துவது முக்கியம் என்ற உண்மையை அந்தக் குறுக்குக் கம்பி சொல்கிறது.

சங்கரன்கோவில் வட்டாரம் பாளையக்காரர் ஆண்ட பூமி. நெற்கட்டுஞ்செவலில் இருந்துகொண்டு 1755 முதல் நவாபின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்து நின்ற பூலித்தேவர், சங்கரநாராயணர் கோயிலுக்குள் புகுந்து மறைந்துவிட்டதாக மக்கள் இன்றும் நம்புகிறார்கள். கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாளையங்களில் வேலும் கட்டாரியும் வளரியும் போருக்கும் வேட்டைக்கும் பொதுவாக இருந்தன. தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று, பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டின் டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டது. பின்பு 1878இல் வந்த ஆயுதச் சட்டம் தேசம் முழுவதையும் லைசென்ஸ் முறைக்குக் கீழ்ப்படுத்தியது. அதன்பின் வேட்டை பெரும்பாலும் துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரிய பொழுதுபோக்காயிற்று. இடைக்கச்சைக்குக் கைத்துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் அந்நாளைய துப்பாக்கியின் அமைப்பிலேயே இருந்தது. வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டித்த துப்பாக்கி ஒரு குழலுக்கு ஒரே முறைதான் வெடிக்கும். மறுபடி மருந்து போட்டு, குண்டை இறக்கி, இடித்துக் கெட்டிப்பதற்குள் காயம்பட்ட புலி வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். யானைமேல் அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டையாடியவர்களுக்கு இந்த அபாயம் மிகுதி. புலி யானையின் மத்தகத்திலோ பின்புறத்திலோ பாய்ந்து ஏறிவிட்டால், நீண்ட துப்பாக்கியை அந்தக் குறுகிய இடத்தில் திருப்பவே முடியாது. இதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துப்பாக்கி வினைஞர்கள் அம்பாரிப் பிஸ்டல் என்ற ஒரு ஜாதியை உண்டாக்கினார்கள். குட்டையான இரண்டு குழல்கள், சிலவற்றில் நான்கு குழல்கள். பெரிய துப்பாக்கிக்கு உரிய அதே பருமனுள்ள தோட்டா. கைப்பிடியளவே உள்ள கருவியிலிருந்து 30 கிராம் எடைக்கு மேற்பட்ட ஈயக்குண்டு. குறியைப் பற்றிய கவலையே அதில் இல்லை. குழல்வாய் மிருகத்தின்மேல் படும் தூரத்தில் வெடிப்பதற்காகவே அது பிறந்தது.

பின்பு வந்த கனத்த ரிவால்வர்கள் அம்பாரிப் பிஸ்டலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதே காலத்தில் நீண்ட துப்பாக்கியும் மாறிவிட்டது. பின்புறமாகத் தோட்டா போடும் இரட்டைக் குழல் துப்பாக்கியும், தாழை இழுத்துத் தள்ளி அடுத்தடுத்துச் சுடக்கூடிய ரைபிளும் வந்த பிறகு, அனுபவசாலிகளான ஷிகாரிகள் இரண்டாவது குழலையே இரண்டாவது ஆயுதமாகக் கொண்டார்கள். முதல் குழலை வெடித்தவர் இரண்டாவதை அவசரப்பட்டு வெடிக்காமல், மிருகம் திரும்பி வருமானால் அதற்கென்று வைத்திருப்பது அவர்களிடையே கட்டுப்பாடாகவே இருந்தது. இந்தக் கட்டுப்பாட்டின் மதிப்பை ஜிம் கார்பெட்டின் அனுபவம் காட்டுகிறது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை வேட்டையாடியபோது அவர் தம் ரைபிளுக்கு மூன்றே தோட்டாக்கள் கொண்டுபோயிருந்தார். மூன்றும் தீர்ந்தபின் காயம்பட்ட புலி எதிரே நிற்க, உடன் வந்திருந்த தாசில்தாரிடம் ஓடி அவருடைய பழைய துப்பாக்கியை வாங்கிவந்து மிக அருகிலிருந்து சுட வேண்டியதாயிற்று. 1930இல் சௌகட் ஆட்கொல்லியைச் சந்தித்தபோதோ, அவருடைய இடக்கையில் ஒரு பறவையின் இரண்டு முட்டைகள். ஒரு பாறையைச் சுற்றி இறங்கித் திரும்பிப் பார்த்தால் சில அடி தூரத்தில் பெண்புலி படுத்திருக்கிறது. வலக்கையில் இருந்த சிறிய ரைபிளை ஒற்றைக் கையாலேயே, புலி அசைவை உணராதபடி அணு அணுவாகத் திருப்பிச் சுட்டு அவர் உயிர் தப்பினார். அந்தக் கணத்தில் அவரைக் காத்தது, ஒரு கையால் தாங்கக்கூடியதாகவும் ஏற்கெனவே கையில் இருப்பதாகவும் அமைந்த அந்த இலேசான ரைபிளே.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், துணைக்கருவியைத் தேர்வதற்கு மூன்று பரீட்சைகள் கிடைக்கின்றன. விழுந்து கிடக்கும் நிலையிலும் அதை ஒரு கையால் எடுக்க முடியுமா? எடுத்த பிறகு, ஓடிவரும் மிருகத்தை அது நின்ற இடத்தில் நிறுத்துமா? பயத்தில் கை நடுங்கும்போதும் தனக்கும் உடன் வந்தவர்களுக்கும் தீங்கு செய்யாமல் இருக்குமா? நம் நாட்டில் ஒரு தனிமனிதர் லைசென்ஸ் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய கைத்துப்பாக்கியை இந்தப் பரீட்சைகளுக்கு உட்படுத்தலாம். 9 மில்லிமீட்டர், .38, .455 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை செய்யும் ரிவால்வர் .32 அளவுள்ளது. அதன் குண்டின் எடை சுமார் 6 கிராம். விவசாயிகள் அறிந்த 12 போர் துப்பாக்கியின் அளவோ, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவோ அவ்வளவு, அதாவது சுமார் 38 கிராம். முன்னதன் வேகமும் பின்னதைவிட மிகக் குறைவு. மனிதரிடமிருந்து தற்காப்புக்காக அமைந்த அந்தச் சிறு ரிவால்வர், தோளில் கவசம் பூண்ட பன்றியைப் பாய்ச்சலில் நிறுத்தும் என்று நம்புவது பெரும் பிழை. இருட்டில், ஓடும் இலக்கில், பயிற்சியில்லாத கை சுடும் குண்டு மிருகத்தைக் காயப்படுத்தி அதன் கோபத்தை மூட்டும். அல்லது அடுத்த வயலில் காவலிருப்பவர்மேல் பாயும்.

கைத்துப்பாக்கிகளுக்குத் தட்டுப்பாடே இல்லாத அமெரிக்காவில் இந்த விஷயத்தை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் அலாஸ்கா மாநிலத்தில் மனிதரும் கரடியும் எதிர்ப்பட்ட நிகழ்ச்சிகளைத் தொகுத்து, மிளகாய்ச் சாரம் பீய்ச்சும் குப்பியைப் பற்றி 2008இலும் துப்பாக்கிகளைப் பற்றி 2012இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளைப் பொறுத்தவரை மிளகாய்க் குப்பி நூற்றுக்கு 92 நிகழ்ச்சிகளில் பலன் தந்தது; எல்லாக் கரடி இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் கைத்துப்பாக்கி 84, நீண்ட துப்பாக்கி 76. துப்பாக்கி பலன் தராமற்போன நிகழ்ச்சிகளில், எடுப்பதற்கு நேரமின்மையும் பாதுகாப்புத் தாழைச் சமயத்தில் விடுவிக்க முடியாமையும் காரணங்களுள் இருந்தன. திண்ணனார் சுரிகையை உருவிய அந்தச் சில முழ தூரமும் சில விநாடிகளுமே இருபத்தோராம் நூற்றாண்டிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத வேட்டை இந்த நாட்டில் குற்றம். அச்சட்டத்தின் 11ஆவது பிரிவு, தன்னையோ பிறரையோ காத்துக்கொள்வதற்காக நல்லெண்ணத்தோடு ஒரு வனவிலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது என்று மனித உயிருக்கு மதிப்பளிக்கிறது. அதே பிரிவு உடனேயே ஒரு நிபந்தனையும் விதிக்கிறது: அவ்விதத் தற்காப்பு நேர்ந்த சமயத்தில் இச்சட்டத்துக்கு விரோதமான காரியத்தில் ஈடுபட்டிருந்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே திருட்டு வேட்டைக்குச் சென்றவன் இடுப்பில் எத்தகைய ஆயுதத்தைச் செருகிக்கொண்டு போனாலும், அதை உயிரைக் காக்கவே பிரயோகித்தேன் என்று அவன் சொல்வது நீதிமன்றத்தில் எடுபடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் கருத்தில்லாமல் எழுதப்பட்டதன்று. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அந்த உத்தேசத்துக்குக் கைத்துப்பாக்கி அதில் குறிப்பிடப்படவில்லை.

விவசாயியின் துன்பம் அதனால் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலைக்கு அப்பால் கேரளத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்து, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு அதை நிறைவேற்றுகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையில் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர் சுடலாம். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் காடுகள் பெரும்பாலும் மலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெகு அப்பால் இருப்பவை. எனவே இந்த வட்டாரத்து விவசாயிகள் கேட்க வேண்டியது தனித்தனியாக ரிவால்வர் லைசென்ஸ் அன்று. பயிற்சி பெற்ற ஆட்கள் தகவல் கிடைத்ததும் வந்து சேர வேண்டும் என்பதும், அழிந்த பயிருக்குரிய இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும் என்பதுமே. பொறுமை இழந்தவர்கள் நாட்டு வெடியையும் திருட்டு மின்வேலியையும் நாடிப் போனால், அவற்றில் அகப்படுவது பன்றியா, மாடா, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரா என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் ஆகாது.

காவலுக்குப் போகிறவருக்குத் துணைக்கருவியே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். தூரத்திலேயே மிருகத்தைக் காட்டிக்கொடுக்கும் நல்ல டார்ச் லைட். தரையைத் தட்டிக்கொண்டு நடப்பதற்கும் அவசியம் நேர்ந்தால் இடைவெளியைக் காப்பதற்கும் ஆளுயரக் கம்பு. முன்னே சென்று குரல் கொடுக்கும் நாய். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மற்றொரு மனிதர். வரப்பில் ஓசையின்றிப் பதுங்கிச் செல்லாமல் பேசிக்கொண்டு போகும் வழக்கம். கோரைப்பல் தொடைக்கு எட்டும் அந்தக் கணம் வராமலே தடுக்கும் சாதனங்கள் இவையே, மேலே சொன்ன மூன்று பரீட்சைகளிலும் இவை தேறுகின்றன, லைசென்ஸும் வேண்டியதில்லை. திருநெல்வேலியில் 1912இல் பிறந்து, நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராக வளர்ந்து, காடுகளில் ஆயுட்காலமெல்லாம் சுற்றிக் காமிராவில் யானையையும் காட்டெருமையையும் பதிவு செய்த மா. கிருஷ்ணன், மிருகத்தின் இயல்பை அறிந்த ஞானம் ஒருவரைக் காட்டுக்குள் எவ்வளவு தூரம் பத்திரமாக அழைத்துச் செல்லும் என்பதைத் தம் வாழ்க்கையாலேயே நிரூபித்தவர். பன்றி எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தப் புதரில் பகலில் படுக்கிறது, குட்டியோடு இருக்கும் மாதம் எது, கரடிக்குப் பழம் கனிகின்ற பருவம் எது என்று நம் அடிவாரத்து விவசாயிகள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவை ஊர்க் கூட்டங்களில் பகிர்ந்துகொண்டு, காவலை முறை வைத்துச் சேர்ந்தே செய்து, சுட வேண்டிய இடத்தில் சுடுகிற பொறுப்பை அதற்கென்று பயின்றவர்களிடம் ஒப்படைத்தால், இடைக்கச்சையில் எதைச் செருகுவது என்ற கேள்வியே எழாமல் அவர்கள் விடியற்காலையில் வீடு திரும்பலாம்.